பெயர் வரும் இடத்தில் ஒரு பூட்டு

‘அருணாசலம்’ பலவீனமானது என்று ஒரு கம்ப்யூட்டர் போன வாரம் என்னிடம் சொன்னது.

அதுவும் எங்கே? திருவண்ணாமலை தேரடி வீதியில் உட்கார்ந்துகொண்டு! பௌர்ணமி வந்தால் எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து வெறுங்காலோடு மலையைச் சுற்றுகிறார்கள். அந்த மலையின் பெயரைப் போட்டால், சிவப்பு எழுத்தில் ‘பலவீனம்’ என்கிறது. இன்னும் பலமாக ஏதாவது போடு என்கிறது.

கோபப்படாதீர்கள் குழந்தைகளே. அது சாமியைச் சொல்லவில்லை. நான் வைக்கப் பார்த்த பாஸ்வேர்டைச் சொன்னது. உங்கள் கம்ப்யூட்டர் மிஸ் அதைக் கடவுச்சொல் என்று சொல்லிக்கொடுத்திருப்பார். கதவைக் கடந்து உள்ளே போவதற்கான சொல்லாம். நான் இன்னும் கடக்கவில்லை... அந்தக் கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். சிரிக்கச் சிரிக்க எழுத ஆசைதான். முடியுமா என்று தெரியவில்லை.

என் பெண் தேன்மொழியை உங்கள் சிறுவர் இதழின் இந்தப் பக்கத்தில் நீங்கள் அடிக்கடி பார்த்திருப்பீர்கள். ஏழாவது படிக்கிறாள். புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் — நான் பஸ் கண்டக்டர், செங்கம் ரோடு வண்டி. படிப்பு பத்தாவதோடு சரி. உங்களுக்குப் பாடம் சொல்கிற தகுதியெல்லாம் கிடையாது. வீட்டில் நடப்பதைச் சொல்வேன். அவ்வளவுதான்.

தேன்மொழிக்கு ஒரு ஜோடி உண்டு. பர்வீன். அதே வகுப்பு, எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. இருவரும் சேர்ந்து சிலம்பம் ஆடுகிறார்கள். எங்கள் பகுதியான வேங்கிக்காலில் வீடு கட்டாமல் கிடக்கிற காலி மனைதான் அவர்களுடைய மைதானம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அங்கே போனால் ‘டக் டக்’ என்று மூங்கில் சத்தம் கேட்கும். பர்வீன் வீசுவாள், தேன்மொழி தடுப்பாள். பிறகு மாற்றிக்கொள்வார்கள். பார்க்கிற எனக்குத்தான் பயம். எவள் கை எப்போது பிசகுமோ! பிசகவே பிசகாது. அடுத்தவள் எந்தப் பக்கம் வீசப் போகிறாள் என்று இவள் கண்ணுக்கு முன்கூட்டியே தெரிந்துவிடும்.

பொங்கல் முடிந்ததும் ஊரில் மூன்று நாள் கலை விழா நடந்தது. பறை, கரகம், கூத்து, பொய்க்கால் குதிரை... எல்லாம் திறந்த வெளியில். டிக்கெட் கிடையாது. கடைசி நாள் சாயங்காலம் எங்கள் ஜோடியும் மேடை ஏறியது. இரண்டு பேருக்கும் ரெட்டை ஜடை, சிவப்பு ரிப்பன், இடுப்பில் மஞ்சள் துணி. கூட்டம் விசில் அடித்தது.

ஆடி முடித்து இறங்கியதும் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு பத்திரிகைக்காரர் இவர்களிடம் வந்தார். நல்ல மனிதர். இரண்டு பேர் கம்பையும் வாங்கித் தூக்கிப் பார்த்தார். இரண்டு பேர் பெயரையும் கேட்டு எழுதிக்கொண்டார். “கண்டிப்பா எழுதுவேன், பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதியும் விட்டார். அதில்தான் வந்தது வினை.

கட்டுரை அச்சில் வரவில்லையாம், நெட்டில் மட்டும் வந்திருக்கிறதாம். விழாக் குழுவில் ஒருவர் சொன்னார். அன்று சாயங்காலமே இரண்டு பெண்களையும் அழைத்துக்கொண்டு தேரடி வீதி பிரௌசிங் சென்டருக்குப் போனேன். அதை நடத்துகிற ரேவதி நல்ல பெண். அந்தப் பத்திரிகையின் பக்கத்தைத் தேடி எடுத்தாள். முதலில் எல்லாம் கட்டம் கட்டமாக வந்தது. தமிழ் எழுத்தைத் தனியாக இறக்க வேண்டும் என்றாள். இறக்கினாள்.

எழுத்து வந்தது. நான் வாய்விட்டுப் படித்தேன்.

‘மூன்று நாட்களில் எத்தனையோ கலைஞர்களைப் பார்த்தேன். ஆனால் என் வாழ்நாளில் மறக்கவே முடியாதவள், கடைசி நாள் மாலை மேடையேறிய ஒரு சிறுமி. அவள் பெயர்...’

அவ்வளவுதான்.

அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு பூட்டுப் படம். ‘தொடர்ந்து படிக்க உறுப்பினர் ஆகுங்கள்.’

ரேவதி மவுஸை மேலே இழுத்தாள், கீழே இழுத்தாள். பூட்டு நகரவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன் — என்னவோ என் கண்ணாடியில்தான் கோளாறு என்பதுபோல.

எங்கள் வண்டியில் டிக்கெட் எடுக்காதவரைப் பாதியில் இறக்கிவிடுவதுண்டு. ஆனால் அவர் இறங்க வேண்டிய ஸ்டாப்பிங் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் வண்டியை நிறுத்தி, கதவையும் பூட்டிக்கொண்டு, ‘அதோ பார், உன் வீடு’ என்று காட்டுகிற கொடுமையை எந்தக் கண்டக்டரும் செய்ய மாட்டார்.

பர்வீன்தான் முதலில் வாயைத் திறந்தாள். “என் பேராத்தான் இருக்கும் இல்ல அங்கிள்?”

“ஏன்? என் பேரா இருக்கக் கூடாதா?” என்றாள் தேன்மொழி.

“நீ தடுக்கத்தானே செஞ்ச? அடிச்சது நானு. எல்லாரும் அடிக்கறவளத்தான் பார்ப்பாங்க.”

“நான் தடுக்கலன்னா உன் அடி மைக் மேல போய் விழுந்திருக்கும்டி. மைக் செட்காரர் உன்ன மறக்க மாட்டாரு, கரெக்ட்டுதான்.”

“ஜாஸ்தி பேசாத.”

“நீதான் ஜாஸ்தி பேசற.”

நான் சிரித்தேன். ரேவதியும் சிரித்தாள். விளையாட்டுச் சண்டை என்று நினைத்தோம். வீட்டுக்குத் திரும்பும்போது டவுன் பஸ்ஸில் ஒருத்தி முன் சீட்டிலும் ஒருத்தி பின் சீட்டிலும் உட்கார்ந்தார்கள். அப்போதுதான் எனக்குச் சிரிப்பு நின்றது.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் கட்சி பிரிந்துவிட்டது. பாதி வகுப்பு தேன்மொழி என்றது, பாதி வகுப்பு பர்வீன் என்றது. சாயங்காலம் காலி மனையில் மூங்கில் சத்தம் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை.

பூட்டைத் திறந்து பெயரைப் பார்த்துவிட்டால் சண்டை ஒரு முடிவுக்கு வருமே! யார் பெயரானால் என்ன... ஒருத்தி ஒரு நாள் அழுவாள், அடுத்த நாள் கம்பை எடுத்துவிடுவாள். இப்படித்தான் நான் நினைத்தேன். லீவ் போட்டுவிட்டு மறுபடி ரேவதியிடம் போனேன்.

“மொதல்ல பேர் பதியணும்ணா. பாஸ்வேர்டு சொல்லுங்க, நான் அடிக்கறேன்.”

“அருணாசலம்!” என்றேன்.

கண்டக்டர் தொண்டை. அது எனக்கே தெரியாமல் கடைசி சீட்டு வரைக்கும் போய்விடும். தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. “அண்ணே, என்னுதும் அதாண்ணே!” மூலையில் இருந்த இன்னொருவர் திரும்பிப் பார்த்து, “அட, எனக்கும் அதாங்க” என்றார்.

ரேவதி தலையில் கை வைத்துக்கொண்டாள். “இந்த சென்டர்ல பாதிப் பேருக்கு அதான்ணா பாஸ்வேர்டு. ஒருத்தர் வீட்டு சாவிய எடுத்துட்டுப் போய் ஊர்ல எந்த வீட்ட வேணாலும் திறக்கலாம். வேற ஏதாவது சொல்லுங்க. மெதுவா சொல்லுங்க.”

“சாமி பேர விட்டுட்டு வேற எத நம்பி வெக்கறது?”

அடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. பலவீனம். பிறகு நானே அடிக்கிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு விரலால் தேடித் தேடித் தட்டினால், எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் புள்ளிகள்தான் விழுகின்றன. எள்ளை இறைத்த மாதிரி. எழுத்து பதியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி முதலிலிருந்து தட்டினேன். மறுபடியும் புள்ளி. இன்னும் அழுத்தித் தட்டினேன். கட்டம் நிரம்பி வழிந்தது.

“அண்ணா, போதும்ணா! அருணாசலம் அருணாசலம் அருணாசலம்னு மூணு தடவ போட்டிருக்கீங்க. ஜெபமா பண்றீங்க?”

கடைசியில் சாமி பெயர், அதோடு என் வண்டி நம்பர், அதோடு ஒரு நட்சத்திரக் குறி என்று முன்னும் பின்னுமாகச் சேர்த்து ரேவதியே ஒன்று கட்டினாள். கம்ப்யூட்டர் பச்சை காட்டியது. பலமாம்! சாமிக்குப் பலம் வர ஒரு பஸ் நம்பர் வேண்டியிருந்தது.

உள்ளே போனோம். ‘பதிவு செய்ததற்கு நன்றி’ என்றது. அதற்குக் கீழே... அதே பூட்டு. ‘இந்தக் கட்டுரை சந்தாதாரர்களுக்கு மட்டும்.’

அதாவது, நாங்கள் அவ்வளவு பாடுபட்டுத் திறந்தது வாசல் கதவு. உள்ளே இன்னொரு கதவு இருக்கிறது. அதற்குப் பணம் கட்ட வேண்டும். கட்ட மாட்டேன் என்று நான் சொல்லவில்லையே? “மணியார்டர் அனுப்பட்டுமா? டி.டி. எடுக்கட்டுமா?” என்று கேட்டேன். “கிரெடிட் கார்டு மட்டும்தான்ணா” என்றாள் ரேவதி. வாழ்நாளெல்லாம் சில்லறை வாங்கிப் பழகிய கை இது. நோட்டை நீட்டினால் வாங்க மாட்டேன் என்கிற கடையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

வீட்டில் வந்து சொன்னதற்கு என் மனைவி, “ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சுக் குடுக்கறவருக்கு உள்ள போக ஒரு டிக்கெட் இல்ல” என்றாள். அவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் கார்டு வைத்திருப்பவன் என் மச்சான் சேகர் ஒருவன்தான். வேங்கிக்காலில் அரசு ஆபீஸில் வேலை. கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, அந்த உறையைப் பர்ஸில் போட்டு, அந்தப் பர்ஸை உள்பாக்கெட்டில் வைத்திருப்பான். இதுவரை எதற்கும் அதை வெளியே எடுத்ததில்லை.

“வேணாம் மாமா. நெட்ல நம்பரப் போட்டா உள்ள இருக்கறத மொத்தமா உருவிடுவான். எங்க ஆபீஸ்ல எல்லாரும் சொல்றாங்க.”

“யாருக்காச்சும் உருவியிருக்கானா?”

“யாரும் போடறதில்லையே மாமா, அப்புறம் எப்படி உருவுவான்?”

கெஞ்சினேன். தேன்மொழி வந்து, “மாமா, ப்ளீஸ் மாமா” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா மகள் கேட்டால் தாய்மாமன் நெஞ்சு கரையாதா? ஞாயிற்றுக்கிழமை வந்தான். ரேவதியின் கடையில் உட்கார்ந்து, பெருமூச்சு விட்டு, கார்டை வெளியே எடுத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தான்.

“பாஸ்வேர்டு போடுங்கண்ணா” என்றாள் ரேவதி.

போட்டேன். தவறு என்றது. நட்சத்திரம் நம்பருக்கு முன்னாலா, பின்னாலா? பின்னால் போட்டேன். தவறு. முன்னால் போட்டேன். தவறு. ரேவதிக்கு நினைவு இருக்குமா? தினம் எத்தனை பேருக்கு இப்படிக் கட்டிக்கொடுக்கிறாள்! “உங்களுக்கு நடுவுல போட்டேனோ?” என்றாள். நடுவில் போட்டேன். ‘பல முறை தவறாக முயன்றதால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டது.’

சேகர் கார்டை எடுத்து உறையில் போட்டு, உறையைப் பர்ஸில் போட்டு, எழுந்து நின்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “சாமியே காப்பாத்திட்டாரு மாமா.”

யாரை?

எங்கள் ஊர்க் கோயிலில் மத்தியானம் நடை சாத்துகிறார்கள். யாரும் கவலைப்படுவதில்லை. சாயங்காலம் திறப்பார்கள் என்று தெரியும். சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். இந்தப் பூட்டு எப்போது திறக்கும்? யாரைக் கேட்பது? அதற்கு வாசலும் இல்லை, வாசலில் ஆளும் இல்லை. ஒரு விஷயம் எனக்கு விளங்கவே மாட்டேன் என்கிறது குழந்தைகளே. ஆடியவர்கள் திறந்த வெளியில் ஆடினார்கள். பார்த்தவர்கள் மண்ணில் உட்கார்ந்து இலவசமாகப் பார்த்தார்கள். அதைப் பற்றி எழுதியதை மட்டும், ஆடியவளே படிக்க முடியாதபடி எதற்கு இத்தனை பத்திரமாக வைத்திருக்கிறார்கள்? எழுதியவருக்கும் சம்பளம் வேண்டும், அது நியாயம்தான். ஆனால் ஆடியவளுக்கு அவள் பெயரையாவது காட்டக் கூடாதா?

கடைசியாக ஒரு வழி இருந்தது. எழுதியவரையே கேட்பது! இது முதலிலேயே ஏன் தோன்றவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். விழாக் குழுவில் அவருடைய செல் நம்பரை வாங்கி, டிப்போ வாசலில் நின்று போன் செய்தேன்.

“சொல்லுங்க சார்” என்றார். அன்பான குரல். நான் விஷயத்தைச் சொன்னேன்.

“அந்தக் கட்டுரையா? எனக்கே அது இப்ப திறக்காது சார். நான் அந்தப் பத்திரிகைய விட்டு வந்துட்டேன். வெளிய வந்த அன்னிக்கே என் பாஸ்வேர்ட கட் பண்ணிட்டாங்க.”

“பரவால்லங்க. பேர் மட்டும் சொல்லுங்க. அந்தச் சின்னப் பொண்ணு பேர் மட்டும்.”

“சின்னப் பொண்ணா...” என்று இழுத்தார்.

“ரெட்டை ஜடை போட்டிருந்தா இல்ல?”

“ரெண்டு பேருமே ரெட்டை ஜடைதாங்க.”

“நல்ல சுறுசுறுப்பான பொண்ணு சார். கண்ணுல ஒரு வெளிச்சம்...”

“ரெண்டு பேருக்கும் இருக்குங்க. பேருங்க... தேன்மொழியா, பர்வீனா?”

“சிலம்பமா சொல்றீங்க? இருங்க சார்... நான் எழுதினது பறையடிச்ச ஒரு பொண்ண இல்ல? ஆனா அது வேற ஊரு விழாவோ... தப்பா நெனைக்காதீங்க சார். மாசத்துக்கு எத்தனையோ விழாவுக்குப் போறேன். உண்மையச் சொன்னா, ஞாபகம் இல்ல சார்.”

வாழ்நாளில் மறக்கவே முடியாதவள்!

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. தினமும் எத்தனை முகங்களைப் பார்த்து டிக்கெட் கொடுக்கிறேன், எனக்கு எத்தனை நினைவிருக்கிறது? ஆனால் நான் யாரிடமும் ‘உன்னை மறக்கவே மாட்டேன்’ என்று சொல்லி டிக்கெட் கொடுப்பதில்லையே.

வீட்டுக்குப் போனேன். தேன்மொழியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை.

“அப்ப எதுக்குப்பா நாங்க சண்ட போட்டோம்?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு பர்வீன் வீட்டுக்கு ஓடினாள். நானும் பின்னாலேயே போனேன்.

பர்வீன் வாசலுக்கு வந்தாள். தேன்மொழி மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவருக்கு ஞாபகமே இல்லையாம், நம்ம ரெண்டு பேருமே இல்லையோ என்னவோ, வா போலாம், கம்பு எடுத்துக்கோ என்று ஒரே மூச்சில் சொன்னாள். பர்வீன் அசையவில்லை.

“போன் பண்ணது யாரு? உங்கப்பா.”

“ஆமா.”

“என் பேர்னு அவரு சொல்லியிருப்பாரு. அதான் ஞாபகமில்லன்னு கதை விடறீங்க. உன் பேரா இருந்தா இந்நேரம் ஸ்வீட் வாங்கி ஸ்கூல் பூரா குடுத்திருப்ப.”

“சத்தியமாடி!”

“மறக்கவே முடியாதுன்னு எழுதினவரு எப்படிடி மறப்பாரு? பொய் சொன்னாலும் நம்பற மாதிரி சொல்லு.”

நியாயமான கேள்வி. அங்கேயே நின்று அந்த நம்பருக்குப் போன் செய்தேன். பர்வீன் காதாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று. மணி அடித்தது, அடித்தது, நின்றுவிட்டது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை. பர்வீன் என்னை ஒரு பார்வை பார்த்தாள். என்னைத் தினமும் ‘அங்கிள், அங்கிள்’ என்று சுற்றி வந்த பெண் அப்படிப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவள் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். “தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நானும் சொல்லிப் பார்த்துட்டேன். அந்தப் பக்கத்த கண்ணால காட்டுங்க, நம்பறேன்னு சொல்றா.”

கண்ணால் காட்டத்தானே இத்தனை பாடுபட்டேன்? திறந்திருந்த பக்கமாக இருந்தால், யார் பெயரோ இருந்திருக்கும், அல்லது யார் பெயரும் இல்லாமல் போயிருக்கும். இரண்டு பேரும் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிவிட்டு, ஐந்து மணிக்குக் கம்பை எடுத்திருப்பார்கள். பூட்டியிருப்பதால் அவரவருக்குப் பிடித்த பெயர் அதற்குள் இருக்கிறது. பிடிக்காததைச் சொல்கிறவர் பொய்யராக வெளியே நிற்கிறார். பணம் கட்டினால் திறக்கிற பூட்டு பரவாயில்லை. இது இப்போது ஒரு சிறுமியின் மனசுக்குள் போய் விழுந்துவிட்டது. அதற்கு எந்தக் கார்டைத் தேய்ப்பது?

தேன்மொழி இப்போது தனியாக ஆடுகிறாள். தனியாகச் சுற்றலாம், அழகாகவும் இருக்கும். ஆனால் வீசிவிட்டு ஒரு கணம் நிற்கிறாள் — எதிரிலிருந்து வர வேண்டிய ‘டக்’ சத்தத்துக்காக. அது வருவதில்லை. நேற்று கம்பைக் கீழே போட்டுவிட்டு, “காத்த அடிச்சு அடிச்சு கை வலிக்குதுப்பா” என்றாள். சிலம்பத்தில் அடி வாங்கி அவளுக்குக் கை வீங்கியதுண்டு. வலிக்கிறது என்று அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை.

கணக்கை மீட்க முடியுமா என்று ரேவதி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்கு நம்பிக்கை இல்லை. எனக்குத் தெரிந்து பூட்டு இல்லாத பக்கம், நான் எழுதுகிற இந்தப் பக்கம் ஒன்றுதான். பத்து வயதுப் பிள்ளையும் கடையில் நின்றபடியே புரட்டிப் படித்துவிட்டு வைத்துவிடலாம், கடைக்காரர் முறைப்பார், அவ்வளவுதான். இதை வாராவாரம் தவறாமல் படித்துவிட்டு, மறுநாள் என்னிடம் தப்புக் கண்டுபிடித்துச் சொல்கிற ஒரு வாசகி எனக்கு உண்டு.

பர்வீன் பாப்பா... அங்கிள் பொய் சொல்லவில்லை. சாயங்காலம் வாம்மா, அவளுக்கு எதிரே நின்று வீசவும் ஆள் இல்லை, தடுக்கவும் ஆள் இல்லை.